ஒரே கட்டளைக்கு இரண்டு சேவகர்கள்

கம்ப்யூட்டர் வாங்கப் புறப்பட்ட மனிதர் கடைக்குள் கால் வைத்ததும், எந்த வேலைக்கு வேண்டும், எத்தனை வருஷம் உழைக்க வேண்டும், வைக்கப் போகும் அறையில் காற்றோட்டம் உண்டா என்ற விசாரணைகளுக்கெல்லாம் முன்பாகவே, ‘இன்டெல்லா, ஏஎம்டியா?’ என்ற கேள்வி அவர் எதிரே வந்து நின்றுவிடுகிறது. அதற்கு யோசிக்காமல் பதில் சொல்லக் கூடியவர்கள், அவருடைய மைத்துனர் முதற்கொண்டு அடுத்த வீட்டுக் கல்லூரி மாணவன் வரையில், ஏராளமாக இருக்கிறார்கள். அவர்களுடைய பதிலில் அனுபவத்தைவிட அபிமானமே அதிகம் என்பதும், அந்த அபிமானமும் பெரும்பாலும் பத்துப் பதினைந்து வருஷங்களுக்கு முன் யாரோ வாங்கிய ஏதோ ஒரு பெட்டி சூடேறி நின்றுபோன கதையில் பிறந்தது என்பதும் சற்று நிதானித்துக் கேட்டால் விளங்கிவிடும்.

கேள்வியையே மாற்றிக் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. ஒரே கட்டளைத் தொகுதிக்குக் கீழ்ப்படியும் இரண்டு சில்லுகளில் ஒன்றைப் பொறுக்கி எடுக்கும்போது, நாம் பணம் கொடுத்து வாங்குவது அதனோடு வரும் மதர்போர்டையும், அது கக்கும் வெப்பத்தையும், நம்முடைய அன்றாட வேலை அதன்மேல் ஓடும் விதத்தையுந்தான். ஸ்தாபனத்தின் பெயர் இவற்றுக்கெல்லாம் பின்னால் வரவேண்டியது. இந்தச் சரக்கில் விசுவாசத்துக்கு இடமே கிடையாது என்று சொல்லவும் நான் தயங்க மாட்டேன். ஏனெனில் இவ்விரண்டு ஸ்தாபனங்களும், தன்னை எதிர்ப்பார் இல்லை என்று கண்ட காலத்தில், வாங்குகிறவரிடம் தாட்சண்யம் காட்டியதாகச் சரித்திரம் இல்லை.

இன்டெல் 1978-ல் வெளியிட்ட 8086 என்ற சில்லு, 29,000 டிரான்சிஸ்டர்களை வைத்துக்கொண்டு, கூட்டு, கழி, இந்த எண்ணை நினைவகத்தில் இன்ன இடத்தில் வை, விடை பூஜ்யமானால் இன்ன அடிக்குத் தாவு என்பன போன்ற கட்டளைகளை நிறைவேற்றி வந்தது. பிற்காலத்தில் அவற்றோடு எத்தனையோ புதிய கட்டளைகள் சேர்ந்துவிட்டன என்றாலும், கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் அடங்கிய இன்றைய பிராசஸரும் அந்தப் பழைய உத்தரவுகளைக் கேட்டு நடக்கிறது. ஓர் எஜமானின் ஒரே உத்தரவை இரண்டு சேவகர்கள் நிறைவேற்றுவது போன்றது இது: ஒருவன் நேர் வழியில் ஓடலாம், மற்றவன் குறுக்கு வழியில் நடக்கலாம், கடிதம் உரியவர் கைக்குப் பிழையின்றிப் போய்ச் சேர வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. ஒருவர் வகுத்த கட்டளைகளை அவருக்குப் பரம வைரியான இன்னொருவர் நாற்பது வருஷங்களுக்கு மேலாக நிறைவேற்றிக் கொடுத்து வருவது தொழிலுலகில் அபூர்வம். அது தானாக நேர்ந்ததும் அன்று.

1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன்னுடைய பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது அதற்கு மூளையாக அமைந்தது 8086-ன் தம்பியான 8088; வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். தன் வியாபாரத்தின் உயிர்நாடியான ஒரு பாகத்துக்கு ஒரே ஒரு தொழிற்சாலையை எதிர்பார்த்து நிற்க ஐபிஎம் போன்ற பெரிய ஸ்தாபனம் எப்படிச் சம்மதிக்கும்? இரண்டாவது தயாரிப்பாளர் ஒருவர் இருந்தே தீரவேண்டும் என்று அது வற்புறுத்தியது. 1982-ல் இன்டெலும் ஏஎம்டியும் பத்து வருஷ காலத்துக்குத் தொழில்நுட்பப் பரிமாற்ற உடன்படிக்கை செய்துகொண்டன. இருவரும் ஒரு வீட்டில் பிறந்தவர்களே. ஃபேர்சைல்ட் செமிகண்டக்டர் ஸ்தாபனத்தை விட்டு வெளியேறிய ராபர்ட் நாய்ஸும் கார்டன் மூரும் 1968-ல் இன்டெலைத் தொடங்க, அதே ஸ்தாபனத்திலிருந்து வந்த ஜெர்ரி சாண்டர்ஸும் அவருடைய நண்பர்களும் 1969-ல் ஏஎம்டியைத் தொடங்கினார்கள்.

உடன்படிக்கை 286 வரையில் ஒழுங்காக நடந்தது. அதிகம் ஒழுங்காக நடந்தது என்றுகூடச் சொல்லலாம், ஏனெனில் ஏஎம்டி செய்த 286 இன்டெல் செய்த 286-ஐவிட வேகமாகவே ஓடிற்று. மூலவருக்கு இது ரசிக்கக் கூடிய காட்சியாக இருந்திருக்க முடியாது. 1985 அக்டோபரில் 386 வந்தபோது அதன் வரைபடங்களைப் பங்கிட்டுக்கொள்ள இன்டெல் மறுத்துவிட்டது. ஏஎம்டி 1987-ல் மத்தியஸ்தத்துக்குப் போயிற்று. 1992-ல் மத்தியஸ்தர் ஏஎம்டிக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னார். 1994-ல் கலிஃபோர்னியாவின் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 1995 ஜனவரியில் இருவரும் சமாதானமாயினர். இதற்கிடையில் ஏஎம்டி சும்மா இருக்கவில்லை. சொந்தமாக ஆராய்ந்து 1991 மார்ச்சில் தன்னுடைய 386-ஐ வெளியிட்டது. இன்டெலின் 386 எட்டிய உச்ச வேகம் 33 மெகாஹெர்ட்ஸ் என்றால் ஏஎம்டியுடையது 40 வரை சென்றது, விலையும் குறைவு.

இந்த வழக்குகளின் ஓரத்தில் நடந்த இரண்டு விஷயங்கள், வாங்குகிறவர் இன்று அனுபவிக்கும் சுதந்திரத்துக்கு அஸ்திவாரமாக அமைந்தவை. ஜப்பானிய என்இசி ஸ்தாபனத்தின் வி20, வி30 என்ற சில்லுகள் தன் சில்லின் உள்ளே பொதிந்துள்ள நுண்கட்டளைகளைக் காப்பியடித்தவை என்று இன்டெல் சாட்டிய குற்றத்தைப் பற்றிய வழக்கில், 1989-ல் அமெரிக்க நீதிமன்றம், நுண்கட்டளைக்குப் பதிப்புரிமை உண்டு, ஆனால் என்இசி காப்பியடிக்கவில்லை என்று தீர்ப்பளித்தது. ஒரே உத்தரவை வேறொரு வழியில் நிறைவேற்றுவது திருட்டாகாது என்ற நியாயம் அதனால் நிலைபெற்றது. மற்றொன்று, 386 என்பது வெறும் எண், அதை ஒருவர் மட்டும் வர்த்தக முத்திரையாக உரிமை கொண்டாட முடியாது என்று 1991-ல் வந்த தீர்ப்பு. 586 என்று அழைக்கப்பட வேண்டிய சில்லு 1993-ல் பென்டியம் என்ற பெயரோடு பிறந்ததற்குக் காரணம் அதுதான். ‘இன்டெல் இன்சைட்’ என்ற முத்திரை கம்ப்யூட்டர்ப் பெட்டிகளின் முகத்தில் ஒட்டப்படத் தொடங்கியதும் 1991-லேயே. எண்ணை இழந்த ஸ்தாபனம் பெயரைப் பிடித்துக்கொண்டது. பெயரைப் பார்த்து வாங்கும் வழக்கம் நமக்கு அப்போதுதான் பழக்கப்படுத்தப்பட்டது.

பெயருக்குள்ள மதிப்பில் ஒரு கருத்து மறைந்து நிற்கிறது: முதலில் செய்தவருடையது அசல், பின்னால் செய்தவருடையது நகல், அசலில் பிழை இராது, நகலில் எங்காவது இருக்கும். இந்தக் கருத்தைப் பென்டியமே பொய்யாக்கியது. அமெரிக்காவில் வர்ஜீனியா மாகாணத்துக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி, இரட்டைப் பகா எண்களின் தலைகீழ் எண்களைக் கூட்டிக்கொண்டிருந்தபோது விடை இடறுவதைக் கண்டு, தம் நிரலையும் மற்ற உறுப்புகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்து விலக்கிவிட்டு, குற்றம் சில்லிலேயே இருக்கிறது என்று 1994 அக்டோபரில் வெளியிட்டார். வகுத்தலுக்காகச் சில்லின் உள்ளே வைத்திருந்த அட்டவணையில் ஐந்து இடங்கள் நிரப்பப்படாமல் விடுபட்டிருந்தன. 4195835-ஐ 3145727-ஆல் வகுத்தால் 1.33382 என்று வரவேண்டிய விடை 1.33374 என்று வந்தது. நான்காவது தசம இடத்திலேயே தவறு! சாதாரணமாகக் கணக்குப் போடுகிறவருக்கு இது 27,000 வருஷத்துக்கு ஒரு முறை நேரக்கூடும் என்று இன்டெல் சமாதானம் சொல்ல, 24 நாளைக்கு ஒரு முறை நேரக்கூடும் என்று ஐபிஎம் கணக்கிட்டு, அந்தச் சில்லோடு கூடிய கம்ப்யூட்டர்களை அனுப்புவதையே நிறுத்திவைத்தது. இரண்டு கணக்கிலும் அவரவர் வியாபார நலன் கலந்திருந்தது என்றே நான் நினைக்கிறேன். எப்படியாயினும், கேட்டவர்களுக்கெல்லாம் சில்லை மாற்றித் தருவதாக டிசம்பர் 20-ந் தேதி இன்டெல் அறிவிக்க நேர்ந்தது. அதற்காக ஒதுக்கிய தொகை 475 மில்லியன் டாலர்.

அசல், நகல் என்ற பேதம் ஆட்களைப் பொறுத்தும் நிற்காது. பென்டியத்தை உருவாக்கிய குழுவை நடத்தியவர்களில் ஒருவரான, இந்தியாவில் பிறந்த வினோத் தாம், இன்டெலை விட்டு நெக்ஸ்ஜென் என்ற சிறு ஸ்தாபனத்தில் சேர்ந்தார். அதை ஏஎம்டி விலைக்கு வாங்கிக்கொண்டது. நெக்ஸ்ஜென்னின் வடிவமைப்பிலிருந்து 1997 ஏப்ரலில் கே6 என்ற பிராசஸர் பிறந்தது. பென்டியத்துக்காக இன்டெல் வகுத்த சாக்கெட் 7 என்ற அதே இருக்கையில், பென்டியத்தை எழுப்பிவிட்டு, அதே தாமின் மேற்பார்வையில் செய்த கே6 அமர்ந்தது. இதில் எது அசல், எது நகல்?

நிற்க. சேவகர் இருவரும் கடிதத்தைப் பிழையின்றிச் சேர்க்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம்; எவ்வளவு நேரத்தில் சேர்க்கிறார்கள் என்பதை எதனால் அளப்பது? இங்கேதான் வாங்குகிறவர் மிக அதிகமாக ஏமாந்திருக்கிறார்; அவரை ஏமாற்றியது மெகாஹெர்ட்ஸ். டெக்சாஸ் மாகாணத்தின் ரிச்சர்ட்சன் நகரில் 1988-ல் தோன்றிய சைரிக்ஸ் என்ற ஸ்தாபனத்தின்மீது எனக்கு எப்போதும் ஒரு பச்சாதாபம் உண்டு. சொந்தத் தொழிற்சாலை இல்லாமல், ஐபிஎம் போன்றவர்களின் தொழிற்சாலைகளில் தன் சில்லைச் செய்வித்துக்கொண்ட அந்தச் சிறு ஸ்தாபனம், 6x86 என்ற பிராசஸரைக் கொணர்ந்தது. முழு எண்களைக் கையாள்வதில் அது பென்டியத்தைவிடச் சாமர்த்தியமாக இருந்தபடியால், 133 மெகாஹெர்ட்ஸில் ஓடிய சில்லை, 166 மெகாஹெர்ட்ஸ் பென்டியத்துக்குச் சமானம் என்ற பொருளில், ‘பி166+’ என்று பெயரிட்டு விற்றார்கள். கடிதம் தட்டச்சு செய்கிறவருக்கும், பேரேடு எழுதுகிறவருக்கும், தகவல் தொகுப்பைத் தேடுகிறவருக்கும் அந்தப் பெயர் சத்தியமானது.

விளையாடுகிறவர் விஷயம் வேறு. 1996-ல் ஐடி சாஃப்ட்வேர் குழுவினர் ‘குவேக்’ என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். சுவரும் தரையும் தூரத்தில் சிறுத்தும் அருகில் பெருத்தும் தோன்ற வேண்டுமானால் ஒவ்வொரு புள்ளிக்கும் தசம எண்ணில் ஒரு வகுத்தல் செய்ய வேண்டும். வகுத்தலோ மெதுவான காரியம். அந்த நிரலை எழுதியவர்கள் பதினாறு புள்ளிகளுக்கு ஒரு முறை மட்டும் வகுத்துக்கொண்டு, பென்டியத்தின் தசமக் கணக்குப் பகுதி அடுத்த வகுத்தலில் ஈடுபட்டிருக்கும் அதே வேளையில், முழு எண் பகுதியைக் கொண்டு இடைப்பட்ட புள்ளிகளைத் தீட்டிவிடும்படி கட்டளைகளை நெய்திருந்தார்கள். பென்டியத்தின் உள்ளமைப்பை அணு அணுவாக அறிந்து எழுதிய நிரல் அது. தசமக் கணக்கில் மந்தமான சைரிக்ஸ் அதில் பரிதாபமாகப் பின்தங்கியது. ஒரு வீட்டிலே தகப்பனார் பகலில் கணக்கு எழுதும்போது பென்டியத்தை வென்ற கம்ப்யூட்டர், இரவில் மகன் விளையாட உட்காரும்போது அதற்குத் தோற்றது. சில்லில் ஒரு டிரான்சிஸ்டர்கூட மாறவில்லை, வேலை மாறியது. சைரிக்ஸ் 1997-ல் நேஷனல் செமிகண்டக்டருடன் இணைந்து, 1999-ல் தைவானின் வியா ஸ்தாபனத்துக்குக் கைமாறி, பெயரளவில் மட்டும் மிஞ்சியது. விளையாட்டுப் பிள்ளைகளின் தீர்ப்பு, அந்த விளையாட்டை ஒருபோதும் ஆடியிராத குமாஸ்தாக்களின் கொள்முதலையும் நிர்ணயித்துவிட்டது என்பதில் எனக்கு இன்றும் மனக்குறை உண்டு.

சில வருஷங்களில் வேடங்கள் இடம் மாறின. 1999-ல் வந்த ஏஎம்டியின் அத்லான், 2000 மார்ச் 6-ந் தேதி ஆயிரம் மெகாஹெர்ட்ஸை முதலில் தொட்டது. இன்டெல் இரண்டு நாள் கழித்துத் தொட்டது. அதே ஆண்டு நவம்பரில் இன்டெல் கொணர்ந்த பென்டியம் 4, ஒவ்வொரு துடிப்பிலும் செய்யும் வேலையைக் குறைத்துத் துடிப்பின் எண்ணிக்கையைப் பெருக்கும் நோக்கத்தோடு அமைந்தது. பெட்டியின்மேல் பெரிய எண் இருந்தால் வாங்குவார்கள் என்ற வியாபார ஞானம் அதில் தெரிந்தது. 2001-ல் ஏஎம்டி, சைரிக்ஸ் செய்ததையே திரும்பச் செய்து, 1333 மெகாஹெர்ட்ஸ் சில்லுக்கு அத்லான் எக்ஸ்பி 1500+ என்று பெயரிட்டது. இந்த முறை அந்த எண் பெரும்பாலான வேலைகளில் நியாயமாகவே இருந்தது.

இன்றைக்கு மெகாஹெர்ட்ஸின் மோகம் தணிந்திருக்கிறது; அதன் இடத்தில் மாடல் எண்ணின் மோகம் ஏறி உட்கார்ந்திருக்கிறது. 2023-ஆம் ஆண்டு வரிசையில் ஏஎம்டி விற்ற ரைசன் 5 7520யு என்ற மடிக்கணினிப் பிராசஸரின் உள்ளே இருப்பது 2019-ல் பிறந்த ஜென் 2 வடிவமைப்பு; முதல் இலக்கம் விற்பனை ஆண்டைக் குறிக்கிறது, மூன்றாவது இலக்கந்தான் வடிவமைப்பின் தலைமுறையைச் சொல்கிறது என்பதைக் கடைக்காரரே அறிந்திருப்பது துர்லபம். இன்டெலும் இதில் சளைத்ததன்று. 2024-ல் வந்த கோர் 5 120யு, முந்தைய ராப்டர் லேக் சரக்குக்கே புதுப் பெயர்.

இனி, சில்லைச் சூழ்ந்துள்ளவற்றுக்கு வருவோம். என் அபிப்பிராயத்தில் தேர்வின் முக்கால் பங்கு இங்கேதான் அடங்கியிருக்கிறது. சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கிக் கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்துகொள்ளும் வழக்கம் செழித்திருந்த அத்லான் காலத்தில், அந்தச் சில்லுக்கு ஹீட் சிங்க் பூட்டுவது ஒரு தனி வித்தையாக இருந்தது. விரல் நகம் அளவுக்கு ஒரு சிலிக்கான் துண்டு, மூடி ஒன்றும் இல்லாமல், பலகையின் நடுவே வெறுமையாகத் துருத்திக்கொண்டிருக்கும். நான்கு மூலைகளிலும் நான்கு ரப்பர் பொட்டுகள். அதன்மேல் தெர்மல் பேஸ்ட்டை மெல்லியதாகத் தடவி, கனமான ஹீட் சிங்க்கைச் சாய்க்காமல் இறக்கி, அதன் எஃகுக் கொக்கியைத் தட்டை ஸ்குரூடிரைவரால் அழுத்திச் சாக்கெட்டின் பிளாஸ்டிக் பல்லில் மாட்ட வேண்டும். கொஞ்சம் சாய்ந்தால் சிலிக்கானின் மூலை உடையும்; ஸ்குரூடிரைவர் வழுக்கினால் மதர்போர்டின் செப்புக் கோடு அறுபடும். விசிறியும் ஹீட் சிங்க்கும் கழன்றால் என்ன ஆகும் என்பதை 2001-ல் ‘டாம்ஸ் ஹார்ட்வேர்’ படம் பிடித்துக் காட்டியது: அத்லான் சில விநாடிகளில் புகைந்து மடிந்தது; பென்டியம் 4 தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு பிழைத்தது. ‘ஏஎம்டி சூடாகும்’ என்ற பழமொழியின் மூலம் இதுதான். பின்னாளில் 2004-ன் பிரெஸ்காட் ரக பென்டியம் 4 அதைவிட அதிகமாகக் கொதித்தபோதும் பழமொழி மட்டும் தன் முகவரியை மாற்றிக்கொள்ளவில்லை.

சில்லின்மேல் விழுந்த பழிகளில் பாதிக்கு மேல் மதர்போர்டைச் சேர வேண்டியவை. இன்டெல் தன் சில்லுக்கு வேண்டிய துணைச் சில்லுகளையும் தானே செய்து விற்றது. ஏஎம்டி வாங்கியவருக்கோ பெரும்பாலும் வியா போன்ற பிறருடைய துணைச் சில்லுகளே கதி. 2001-ல் வியாவின் 686பி என்ற துணைச் சில்லு, சவுண்ட் பிளாஸ்டர் லைவ் ஒலி அட்டை கூட இருக்கும்போது ஹார்ட் டிஸ்கில் எழுதும் தகவலைக் கெடுத்துவிடக் கூடும் என்று தெரியவந்தது. கோப்பை இழந்தவர் பிராசஸரைத்தான் சபித்திருப்பார். அண்மையிலும் இதே கதைதான். 2023-ல் ரைசன் 7000எக்ஸ்3டி வகைச் சில்லுகள் சில மதர்போர்டுகளில் கருகின. மதர்போர்டு செலுத்திய மின்னழுத்தத்துக்கு 1.3 வோல்ட் என்று ஏஎம்டி வரம்பு கட்டியது. 2024-ல் இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சில்லுகள், தேவைக்கு மீறிய மின்னழுத்தத்தைக் கேட்டு வாங்கித் தம்மைத் தாமே நலிவித்துக்கொண்டது வெளிப்பட்டு, உத்தரவாதக் காலத்தை இரண்டு வருஷம் நீட்டிக்க வேண்டியதாயிற்று. எந்த ஸ்தாபனத்தைத் தேர்ந்தாலும், மதர்போர்டின் பயாஸைப் புதுப்பித்துக் கொடுக்கும்படி கடைக்காரரைக் கேட்டு வாங்குவது, பெயரைப் பற்றி ஒரு மணி நேரம் விவாதிப்பதைவிடப் பிரயோஜனமானது.

விசுவாசத்துக்கு இடமில்லை என்று மேலே சொன்னதற்குச் சாட்சியங்கள் உண்டு. 64 பிட் உலகத்துக்கு இட்டேனியம் என்ற, பழைய கட்டளைகளோடு உறவறுத்த வேறொரு வழியை இன்டெல் வகுத்துக்கொண்டிருந்தபோது, பழையவற்றையே நீட்டிக் கட்டிய ஏஎம்டியின் ஆப்டெரான் 2003-ல் வந்து வென்றது. மறு வருஷமே இன்டெல் அந்தக் கட்டளைத் தொகுதியைத் தன் சில்லில் ஏற்றுக்கொண்டது. நாற்பது வருஷ நாடகத்தில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி இது. நகல் எடுப்பவர் என்று இகழப்பட்டவர் சட்டம் எழுத, மூலவர் அதைப் பின்பற்றினார். அந்த வெற்றியின் உச்சத்தில் ஏஎம்டி என்ன செய்தது? 2005-ல் அத்லான் 64 எக்ஸ்2 4800+ சில்லுக்கு ஆயிரம் டாலருக்குக் குறையாமல் விலை வைத்தது. ஏழைப் பங்காளன் வேஷம் அன்றோடு கலைந்தது.

பின்னர் ஏஎம்டி 2011-ல் புல்டோசர் என்ற வடிவமைப்பில் சறுக்கி விழுந்ததும் மறுபக்கம் தெரிந்தது. 2011-ல் சாதாரண ரகத்தின் உச்சியில் இன்டெல் விற்ற ஐ7-2600கே-யில் நான்கு கோர்கள்; 2017 ஜனவரியில் விற்ற ஐ7-7700கே-யிலும் நான்கே கோர்கள். ஆறு வருஷம் அந்த எண் அசையவில்லை. 2017 மார்ச்சில் ஏஎம்டியின் ரைசன் எட்டுக் கோர்களோடு, இன்டெலின் எட்டுக் கோர் சில்லின் விலையில் பாதிக்கும் குறைவாக, 499 டாலருக்கு வந்தது. அதே வருஷம் அக்டோபரில் இன்டெலின் சாதாரண ரகம் ஆறு கோர்களுக்கு உயர்ந்தது. இன்டெலைத் தவிர வேறெதையும் தொடமாட்டேன் என்று சபதம் செய்தவர் அந்த அக்டோபரில் பெற்ற இரண்டு கூடுதல் கோர்களுக்காக ஏஎம்டிக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டவர். ஏஎம்டி மீண்டும் முந்தியபோதோ, 2020-ல் ரைசன் 5 5600எக்ஸை, முந்தைய 3600எக்ஸைவிட 50 டாலர் கூட்டி, 299-க்கு விற்றது.

கடையில் நம் கண்ணில் படுவது எது என்பதும் எப்போதும் சரக்கின் யோக்கியதையால் மட்டும் தீர்மானமானதில்லை. தன் சில்லையே முழுதுமோ, ஏறக்குறைய முழுதுமோ வாங்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கம்ப்யூட்டர் தயாரிப்பாளர்களுக்குத் தள்ளுபடி அளித்தது என்று குற்றஞ்சாட்டி, 2009-ல் ஐரோப்பிய ஆணையம் இன்டெலுக்கு 1.06 பில்லியன் யூரோ அபராதம் விதித்தது. அதே வருஷம் இன்டெல் 1.25 பில்லியன் டாலர் கொடுத்து ஏஎம்டியோடு வழக்கைத் தீர்த்துக்கொண்டது. தள்ளுபடிகளைப் பற்றிய பகுதியை 2022-ல் ஐரோப்பியப் பொது நீதிமன்றம் ரத்து செய்ய, மிச்சக் குற்றங்களுக்காக 2023-ல் ஆணையம் ஏறத்தாழ 376 மில்லியன் யூரோவை மறுபடியும் விதித்தது.

ஆக, இன்று வாங்குகிறவர் என்ன செய்வது? கடிதமும் கணக்கும் இணையமும் மட்டுமே வேலையானால், படத்தைத் திரையிடும் கிராபிக்ஸ் பகுதி உள்ளேயே அமைந்த மலிவான சில்லாக, இரண்டில் எது அன்றைக்கு விலை குறைந்து கிடைக்கிறதோ அதை வாங்கி, மிச்சப் பணத்தை ராமிலும் எஸ்எஸ்டியிலும் போடுவது உத்தமம். இன்டெலில் ‘எஃப்’ என்று முடியும் எண்களுக்கு அந்தப் பகுதி கிடையாது என்பதைக் கவனிக்காமல் வாங்கிவிட்டுத் திரை இருண்டு கிடக்கக் கண்டு திகைத்தவர்கள் உண்டு. ஓயாமல் விளையாடுகிறவருக்கு, பெரிய கேஷ் நினைவகம் அடுக்கிய ஏஎம்டியின் எக்ஸ்3டி வகை பொருந்தும். நாளெல்லாம் வீடியோ வெட்டி ஒட்டுகிறவர், தாம் உபயோகிக்கும் நிரல் இன்டெலின் குயிக் சிங்க் வசதியைக் கையாளுமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று நான்கு வருஷத்தில் சில்லை மட்டும் மாற்றிக்கொள்ளும் உத்தேசம் இருப்பவருக்குச் சாக்கெட்டின் ஆயுளே பிரதானம்: 2017-ன் முதல் ரைசனுக்கு வாங்கிய ஏஎம்4 மதர்போர்டுகளில் பல, பயாஸைப் புதுப்பித்த பிறகு, 5000 வரிசையையும் ஏற்றன, இன்டெலின் எல்ஜிஏ1700, 12 முதல் 14-ஆம் தலைமுறை வரையில் சேவை செய்துவிட்டு ஓய்ந்தது. சித்திரை மாதத்தில் ஏசி இல்லாத அறையில் வைப்பதானால், விளம்பரத்தில் சொல்லும் வேகத்தைவிட, முழு வேலையில் அந்தச் சில்லு எத்தனை வாட் இழுக்கிறது என்ற எண்ணுக்கே மதிப்பு அதிகம். எந்தக் காற்றாடியும் சில்லை அறையின் வெப்பத்துக்குக் கீழே குளிர்விக்காது.

2024 அக்டோபரில் இந்த இரண்டு வைரிகளும் ஒன்றாக அமர்ந்து, தங்கள் பொதுவான கட்டளைத் தொகுதி இனி ஆளுக்கொரு திசையில் பிரிந்து போகாமல் பார்த்துக்கொள்வதற்கென்று ஓர் ஆலோசனைக் குழுவை அமைத்தார்கள். இருவரையும் ஒரே பலகையில் உட்கார வைத்தது, அந்தக் கட்டளைகளையே அறியாத ஆர்ம் வகைச் சில்லு. ஆப்பிள் 2020-ல் இன்டெலை விட்டு விலகித் தன் சொந்தச் சில்லுக்கு மாறியது. 2024 ஜூனில் குவால்காமின் ஸ்னாப்டிராகன் எக்ஸ் சில்லோடு கூடிய விண்டோஸ் மடிக்கணினிகள் கடைக்கு வந்தன. பேட்டரி நெடுநேரம் நிற்கிறது, சூடும் குறைவு. பழைய நிரல்களை விண்டோஸே மொழிபெயர்த்து ஓட்டிக் கொடுக்கிறது. ஆனால் பிரிண்டரையும் ஸ்கேனரையும் இயக்கும் டிரைவர்கள் அந்த மொழிபெயர்ப்புக்குள் அடங்குவதில்லை. ஆர்ம் வகைக்கென்று தனியே எழுதப்பட்டிருந்தால்தான் அவை வேலை செய்யும். பத்து வருஷத்துக்கு முந்திய பிரிண்டரை நம்பிக் கடை நடத்துகிறவர், இன்டெல் வாங்கினாலும் ஏஎம்டி வாங்கினாலும் கேட்கத் தேவையில்லாத அந்த டிரைவர் விசாரணையை, மூன்றாவது வகையை வாங்குவதானால் பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன் முடித்துக்கொள்ள வேண்டும்.